காதுக்கு ஒரு தொட்டி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நீ கடைசிப் பக்கத்தில் கேட்டிருந்ததற்கு இரண்டு வரியில் பதில் சொல்ல மனசு வரவில்லை. இன்று வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டுச் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் உன் முழங்கால். ஏழாவது வாரமே கைத்தடி இல்லாமல் வாசல் வரை நடந்துவிட்டேன் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தை அவருக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். "அவ பிடிவாதக்காரி, நடந்துடுவா"ன்னு சொன்னார். பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே. வலி அதிகமாக இருக்கிற நாளில் பாதியாவது செய்.

அம்மா வீட்டைக் காலி செய்ததை நீ எழுதியிருந்த விதம் என்னை வெகுநேரம் எழுந்திருக்கவிடாமல் செய்துவிட்டது. தூக்கிப் போடவும் மனசில்லை, வைத்துக்கொள்ளவும் இடமில்லை என்று ஒரு பட்டியல் போட்டிருந்தாய். நீல பிளாஸ்டிக் டிரம், பித்தளை அண்டா, விரிசல் விட்ட மண்பானைகள் இரண்டு, சமையலறையிலிருந்து கழற்றிய ஸ்டீல் சிங்க். "நீ தோட்டத்தில் தண்ணீர் விழுகிற மாதிரி ஏதோ செய்திருக்கிறாயாமே, இதுகளில் அப்படி ஏதாவது ஆகுமா?" என்று கேட்டிருந்தாய். அதற்கு அடுத்த வரியிலேயே, மகள் போன பிறகு வீடு ரொம்ப நிசப்தமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய்.

ஆகும் டி, நிச்சயம் ஆகும். ஆனால் அதை நான் எதற்காகச் செய்தேன் என்பதை உனக்கு இதுவரை எழுதவே இல்லை. அதைச் சொன்னால்தான் எப்படிச் செய்வது என்பதும் உனக்குப் புரியும்.

அவருக்குக் கண்ணில் பிரஷர் என்று முன்பு சொல்லியிருந்தேன் அல்லவா? கிளாக்கோமா. அந்த நோய் முதலில் பக்கவாட்டுப் பார்வையைத்தான் தின்கிறது. நேரே பார்ப்பது தெரிவதால் ஆளுக்கே தெரியாமல் நாள் ஓடிவிடுகிறது. போன பார்வை திரும்பி வராது. சொட்டு மருந்து மிச்சம் இருப்பதைக் காப்பாற்றும், அவ்வளவுதான். இப்போது அவருக்கு ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி நடுவில் கொஞ்சம் தெரிகிறது. சாயங்காலம் ஆகிவிட்டால் அதுவும் மங்கல். நிலைப்படியில் தோள் இடிக்கும், பூந்தொட்டியில் கால் இடிக்கும். மனுஷர் மெல்ல மெல்லத் தோட்டத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டார். முப்பது வருஷம் அவர் கையால் வளர்த்த தோட்டம்.

ஒரு நாள் மழை விட்ட பிறகு, கூரைத் தகரத்திலிருந்து கீழே கிடந்த வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து, எதன்மீதும் இடிக்காமல், நேராக அந்த வாளியிடம் போய் நின்றார். அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது, தோட்டத்தின் கோடியில் எப்போதும் ஓசை கொடுக்கிற ஒன்று இருந்தால் அவர் காதைப் பிடித்துக்கொண்டே நடந்துவிடுவாரே என்று. நம் பள்ளிக்கூடத்துப் பின்பக்கக் குழாய் ஞாபகம் இருக்கிறதா? மூடவே முடியாமல் ஒழுகும். நாம் அதன் கீழே விதவிதமான டப்பாவை மாற்றி மாற்றி வைத்துக் கேட்போம். டப்பா நிறைய நிறையச் சுருதி ஏறும். நீ கண்ணை மூடிக்கொண்டே "இப்ப வழியப்போகுது" என்பாய், சொன்னபடி வழியும். அந்த விளையாட்டைத்தான் ஐம்பது வருஷம் கழித்து மறுபடியும் எடுத்தேன்.

முதலில் செய்தது பிசகிவிட்டது. வீட்டில் கிடந்த டிரம்மைப் பாதியாக வெட்டி, அரைக்குத் தண்ணீர் விட்டு, மீன்தொட்டிக்குப் போடும் சின்ன பம்பை உள்ளே வைத்து, குழாயைச் சுவரோடு மேலே ஏற்றி, இரண்டடி உயரத்திலிருந்து விழவிட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அவர் உள்ளேயிருந்து, "யாரோ குழாயைத் திறந்து போட்டிருக்காங்க பாரு" என்றார். உண்மைதான். வாளியில் தண்ணீர் பிடிக்கிற அதே இரைச்சல். அரை டிரம் காலியாக இருந்ததால் உள்ளே ஒரு முழக்கம் வேறு. சுற்றிலும் ஒரு முழத்துக்கு ஈரம் தெறித்து, இரண்டாம் நாளே தண்ணீர் பாதி காணோம். அடுத்து உயரத்தை நாலு விரலுக்குக் குறைத்தேன். ஓசையே இல்லாமல் போய்விட்டது.

இயற்பியல் டீச்சராக எத்தனையோ வருஷம் ஓசையைப் பற்றிப் பாடம் எடுத்திருக்கிறேன். தண்ணீர் ஏன் களகளவென்கிறது என்று அப்போதுதான் உட்கார்ந்து யோசித்தேன். தண்ணீர் தண்ணீரில் மோதுவதால் வருகிற சத்தம் அதில் கொஞ்சம்தான். விழுகிற நீர் தன்னோடு காற்றை உள்ளே இழுத்துப் போகிறது. அந்தக் காற்று குமிழியாகி, நீருக்குள் சுருங்கி விரிந்து அதிர்கிறது. அந்த அதிர்வுதான் நம் காதுக்கு இனிமையாகக் கேட்கிறது. நெதர்லாந்தில் வேலை பார்த்த மின்னார்ட் என்ற விஞ்ஞானி 1933-லேயே இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். 2 மில்லிமீட்டர் அகலமுள்ள குமிழி நொடிக்கு 3,000 தடவைக்கு மேல் அதிரும். 6 மில்லிமீட்டர் குமிழி சுமார் 1,000 தடவை. குமிழி சின்னதானால் கீச்சுக் குரல், பெரியதானால் கனத்த குரல். அப்படியானால் குமிழியின் அளவை நாம் மாற்ற முடிந்தால் குரலையும் மாற்றலாம் அல்லவா? அதற்குப் பிறகு எனக்கு ராத்திரியில் தூக்கம் வரவில்லை.

ஒற்றைத் தாரையாக விழவிடாமல் உடைக்க வேண்டும் என்று புரிந்தது. எங்கள் வீட்டிலும் வாய் உடைந்த பானை ஒன்று இருந்தது. அதைச் சாய்த்துப் படுக்கவைத்து, பம்புக் குழாயை அதன் அடியில் துளைபோட்டு உள்ளே விட்டேன். தண்ணீர் பானைக்குள் நிறைந்து, உடைந்த விளிம்பு வழியாக வழிந்தது. விளிம்பு ஒழுங்கில்லாமல் இருந்ததால் ஒரு இடத்தில் கனமாக, ஒரு இடத்தில் நூல்மாதிரி, இன்னோர் இடத்தில் சொட்டுச் சொட்டாக, மூன்று விதமாக விழுந்தது. மூன்றும் மூன்று குரல். இதில் ஒரு லாபம் உண்டு. ஒரே சுருதியில் வருகிற ஓசையைவிடப் பல சுருதி கலந்த ஓசை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குச் சுலபமாகப் பிடிபடும். அவருக்கு வேண்டியது அதுதானே. உயரம் ஒரு சாண் வைத்தேன். கீழே தண்ணீரை விளிம்புக்குக் கொஞ்சம் கீழ்வரை நிறைத்தேன், முழக்கம் போய்விட்டது. டிரம்மை மணல் பரப்பி அதன்மேல் வைத்து, உள்ளே அடியில் நாலைந்து பெரிய கற்களைப் போட்டேன். பிளாஸ்டிக்குக்கே உரிய அந்த 'டப டப'வும் அடங்கியது. தண்ணீர் விழும் இடத்தில் ஆழம் இருக்க வேண்டும். கல்லில் நேரே விழுந்தால் வெறும் தெறிப்புச் சத்தம்தான், குமிழிக்கு இடமில்லை.

அன்று சாயங்காலம் அவர் தானாகவே எழுந்து வந்தார். பின்வாசல் படி இறங்கி, ஒரு நிமிஷம் தலையைச் சாய்த்து நின்று, நேராக வந்து தொட்டியின் விளிம்பில் கையை வைத்தார். நான் ஒன்றும் பேசவில்லை, பேசவும் முடியவில்லை.

சரி, இனி உன் சாமான்களுக்கு வருகிறேன்.

பித்தளை அண்டாவை இதில் சேர்க்காதே. பித்தளையில் செம்பு இருக்கிறது. நின்ற தண்ணீரில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். மீனுக்கும் நத்தைக்கும் அது விஷம். அம்மா கை பட்ட பாத்திரம், அதை வீட்டுக்குள் உன் கண்ணில் படுகிற இடத்தில் வை. நீல டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்று உனக்குத் தெரியுமா? தண்ணீரோ சாப்பிடுகிற சாமானோ என்றால் பயமில்லை. பூச்சிமருந்து, பெயிண்ட், எண்ணெய் என்றால் எத்தனை தடவை கழுவினாலும் வேண்டாம். பிளாஸ்டிக் அதைக் குடித்து வைத்திருக்கும். தெரியாவிட்டாலும் வேண்டாம் என்றே வைத்துக்கொள். நல்ல டிரம்மானால் குறுக்கே வெட்டச் சொல்லி, வெட்டிய விளிம்பை உப்புத்தாள் போட்டு நன்றாகத் தேய்த்துவிடு, கையைக் கிழிக்கும். 200 லிட்டர் டிரம்மில் பாதி என்றால் நிறைந்தபின் 100 கிலோ. எங்கே இருக்க வேண்டும் என்பதைக் காலியாக இருக்கும்போதே முடிவு செய்துவிடு.

உனக்கு நான் சொல்வது சிங்க்கைத்தான். முழங்கால் குனியவிடாது. செங்கல் அடுக்கி இடுப்பு உயரத்துக்கு மேடை கட்டச் சொல்லி, மேலே மணல் பரப்பி அதில் சிங்க்கைப் பதித்துவிட்டால், நின்றபடியே எல்லாம் செய்யலாம். ரசமட்டம் வைத்துப் பார்க்கச் சொல். ஒரு விரற்கடை சாய்ந்தாலும் ஒரு பக்கம் வழிந்து இன்னொரு பக்கம் ஸ்டீல் தெரியும். ஸ்டீல் தகடு கணீரென்று அதிரும், அதனால் அடியில் மணலும் உள்ளே கூழாங்கல்லும் கட்டாயம். சாக்கடைத் துளைக்கு ரப்பர் அடைப்பான் போட்டு, சுற்றிலும் சிலிக்கான் பசை பூசு. மீன்தொட்டிக்கென்றே விற்கிற பசையாக வாங்கு. குளியலறைக்கு விற்பதில் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும். பூசிய பின் குறைந்தது இரண்டு நாள் காயட்டும், புளித்த வாசனை முற்றிலும் போன பிறகு தண்ணீர் விடு.

விரிசல் பானை உனக்கு இருப்பது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன். துளை போடுமுன் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடு. துளை வர வேண்டிய இடத்தில் டேப் ஒட்டி, டிரில்லில் கல்லுக்குப் போடும் பிட்டை மாட்டி, அதன் தட்டுகிற விசையை நிறுத்திவிட்டு, மெல்லச் சுற்றவிடச் சொல். நடு நடுவே தண்ணீர் தெளிக்க வேண்டும். அவசரப்பட்டால் இரண்டாகப் பிளந்துவிடும். எனக்கு முதல் பானை அப்படித்தான் போனது. பானையின் வாய்க்கும் தண்ணீருக்கும் நடுவே உள்ள உயரம் சிங்க்கின் அகலத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தெறித்துத் தெறித்தே தண்ணீர் தீர்ந்துபோகும்.

பம்பு வாங்கும்போது பெட்டியில் எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. அது மேலே ஏற்றாமல், ஒரே மட்டத்தில் ஓடும்போது வருகிற அளவு. என்னுடையதில் மணிக்கு 600 லிட்டர் என்று போட்டிருந்தது. மேலே ஏற்றிய பிறகு ஒரு லிட்டர் குவளையைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். அது நிறைவதற்கு ஒன்பது நொடி ஆனது. அதாவது மணிக்கு 400 லிட்டர். உன் சிங்க்குக்கு அதுவே அதிகம், குழாயில் ஒரு திருகு போட்டுக் குறைத்துக்கொள். நடுவே திருகிக் குறைத்தால் இந்தவகை பம்புக்கு ஒன்றும் ஆகாது. தண்ணீர் இல்லாமல் வெறுமனே ஓடினால்தான் எரிந்துபோகும். பம்பைத் தரையில் வைக்காமல் ஒரு கல்லின் மேல் வைத்து வலைப்பையில் போட்டுவிட்டால் சேறு இழுக்காது.

மின்சாரத்தில் மட்டும் சிக்கனம் பார்க்கவே பார்க்காதே. மின்கசிவு வந்தால் தானே அணைந்துவிடுகிற சுவிட்ச் அந்த இணைப்பில் இருந்தே ஆகவேண்டும், 30 மில்லியாம்பியர் கசிந்தாலே அணைகிற மாதிரி. பிளக்குக்கு வருமுன் ஒயரைக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிடு. ஒயர் வழியே ஓடி வருகிற நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. தண்ணீருக்குள் கை வைக்குமுன் பிளக்கைப் பிடுங்கு. ஒவ்வொரு தடவையும்.

பேரன் வருவான் என்று எழுதியிருந்தாய். தவழ்கிற குழந்தைக்கு 5 சென்டிமீட்டர் தண்ணீரே ஆபத்து. நீ மேடை போட்டாலும், நீர்மட்டத்துக்கு ஒரு விரல் கீழே கெட்டியான கம்பி வலை பொருத்தி, அதன்மேல் கூழாங்கல் பரப்பிவிடு. பானை நீர் விழுகிற இடத்தில் மட்டும் கற்களை விலக்கி வை, ஓசைக்கு அந்த இடைவெளி போதும். இந்தக் கற்கள் தேனீக்கும் உதவும். உட்கார்ந்து குடிக்க மேடு இல்லாவிட்டால் பாவம் விழுந்து செத்துப்போகும்.

இனி பாசி. இதை நீ பொறுமையாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் நான் பொறுமை இல்லாமல்தான் கெடுத்தேன். இரண்டாம் வாரம் தண்ணீர் பச்சையாகிவிட்டது. மனசு கேட்காமல் முழுவதையும் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டேன். பத்து நாளில் மறுபடி பச்சை. இப்படி மூன்று தடவை. புதுத் தண்ணீர் ஒவ்வொரு தடவையும் பாசிக்குப் புதுச் சத்தைக் கொண்டுவருகிறது என்பது பிறகுதான் உறைத்தது. நாலாம் தடவை கொட்டாமல் விட்டேன். வேலம்பாசி ஒரு கொத்து கொண்டுவந்து போட்டேன். பெயரில்தான் பாசி, அது நீருக்குள் வளர்கிற செடி. பாசி சாப்பிடுகிற சத்தை அது முந்திக்கொண்டு எடுத்துக்கொள்ளும். ஓரத்தில் நீர்ப்பிரமியும் வல்லாரையும் வைத்தேன். வெயில் நேரே விழாமல் பாதி நிழல் செய்தேன். ஐந்தாவது வாரம் ஒரு காலையில் பார்த்தால், அடியில் கிடந்த கல்லின் வரி தெரிகிறது. அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "நீ கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்தியா?" என்று கேட்டுச் சிரித்தார். இழை இழையாக வருகிற பாசியை மட்டும் ஒரு குச்சியில் சுற்றி எடுத்துவிடு. செடிக்கு எருமண் போடாதே, களிமண்ணும் மேலே கொஞ்சம் சரளையும் போதும். வெங்காயத்தாமரையை யாராவது கொடுத்தால் வாங்காதே. பூ அழகுதான், ஆனால் ஊர் ஏரியையெல்லாம் மூடிய செடி அது.

கொசுவைப் பற்றிப் பயந்திருந்தாய். நியாயமான பயம். முட்டையிலிருந்து பறக்கிற கொசு வர வெயில் நாளில் ஒரு வாரமோ பத்து நாளோ போதும். கொசுப்புழு மேல்மட்டத்துக்கு வந்துதான் மூச்சு விடும், அதனால் மேல்மட்டம் அசைந்துகொண்டே இருந்தால் அதற்குப் பிடிக்காது. ஆனால் மூலையில் நீர் அசையாமல் நிற்கும், அங்கே பார்த்துக்கொள். டெங்கு கொசு நீரின் விளிம்புக்குச் சற்று மேலே, உட்சுவரில் முட்டை ஒட்டும். காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் கிடக்கும். தண்ணீரை மாற்றினால் போகாது, வாரம் ஒரு தடவை உட்சுவரைப் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். சிங்க்கில் மீன் விடாதே, ஆழம் குறைவு, வெயிலில் சட்டென்று சூடாகிவிடும். டிரம் நல்லதாக இருந்தால் அதைத் தனியே வைத்து, ஒரு அல்லியும், கொசுப்புழுவைத் தின்ன நாலைந்து சின்ன மீனும் விடு. அல்லிக்கு ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும், அசையாத நீர் வேண்டும், இலைமேல் தண்ணீர் கொட்டினால் வளராது. அதனால்தான் பானையையும் அல்லியையும் ஒரே தொட்டியில் சேர்க்காதே என்கிறேன். மழைக்கு வழிய, டிரம் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே ஒரு துளை போட்டு வலை ஒட்டிவிடு, இல்லாவிட்டால் மீனும் சேர்ந்து வழியும்.

இரண்டாவது விரிசல் பானையை உடைத்துவிடாதே. ஜப்பானில் 'எடோ' காலத்திலிருந்து சுய்கின்குட்சு என்று ஒன்று உண்டு. எடோ காலம் என்றால் 1603 முதல் 1868 வரை. அடியில் துளையிட்ட பானையைத் தலைகீழாக மண்ணுக்குள் புதைத்து, துளை வழியாகச் சொட்டு விழவிடுவார்கள். உள்ளே கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். பானைக்குள் இருக்கும் காலி இடம் ஒவ்வொரு சொட்டின் ஓசையையும் மணியடிப்பதுபோல் பெருக்கித் தரும். கை கழுவுகிற தண்ணீரே அதற்குப் போதும், பம்பும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். அடுத்து நான் செய்யப்போவது அதுதான். நீ இங்கே வரும்போது சேர்ந்து செய்யலாம்.

போன மாதம் ஒரு ராத்திரி பம்பு நின்றுவிட்டது. வடிகட்டியில் இலை அடைத்திருந்தது. நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். "தண்ணி நின்னுபோச்சு" என்றார். டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ச் சரி செய்தேன். அதிலிருந்து ஒரு மாற்றுப் பம்பு எப்போதும் அலமாரியில் இருக்கிறது. இப்போதெல்லாம் நான் பார்ப்பதற்கு முன்னால் அவர் கேட்டுவிடுகிறார். தண்ணீர் ஆவியாகி மட்டம் இறங்கினால் விழும் உயரம் கூடுகிறது அல்லவா, குரல் மாறிவிடும். "இன்னிக்கு ரெண்டு விரல் குறைஞ்சிருக்கு" என்பார். அளவுகோல் வைத்துப் பார்த்தால் அதற்கு ஒரு நூல் கூடவோ குறையவோதான் இருக்கும்.

உன் தொட்டியில் முதல் நாள் தண்ணீர் விழுந்ததும், போனில் ஒரு நிமிஷம் பதிவு செய்து அனுப்பு. பக்கத்தில் நின்று ஒரு தடவை, வாசற்படியில் நின்று ஒரு தடவை. அவரிடம் போட்டுக் காட்டுகிறேன். பானையை எவ்வளவு சாய்க்க வேண்டும், எத்தனை விரல் தண்ணீர் விட வேண்டும் என்று அவரே சொல்லுவார். உனக்காகக் காத்திருப்பதாக இப்போதே சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
உன் பக்கத்துப் பெஞ்சுத் தோழி